தலை ஆடியவர்

என் பெயர் ஒரே ஒருமுறைதான் அச்சேறியிருக்கிறது.
ஒன்பதாம் பக்கம், நன்றியுரை, கடைசி வரி.
மாரெட் என்பதில் ஓர் எழுத்தை விழுங்கி
மார்ட் என்று போட்டுவிட்டார்கள்.
எங்கள் எஸ்தோனியாவில் அது ஆண்பிள்ளைப் பெயர்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு கட்டுரைகள்
அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகின்றன.
ஒருவரும் திருத்தச் சொல்லவில்லை.

முதுமையில் மூளை முகங்களை எங்கே வைத்துக்கொள்கிறது,
அதுதான் விஷயம்.
எழுதியவர் டாக்டர் ஹெல்வே பிஹ்லக்.
எந்திரத்தை ஓட்டியவள் நான்.
தார்த்து மருத்துவமனையின் நிலவறையில்
ஆறு உறைந்துகிடந்த ஒரு குளிர்காலம் முழுக்க
சாவி, சில்லறை, பல்செட்டு, கல்யாண மோதிரம்
எல்லாவற்றையும் தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு
ஒவ்வொருவராகக் குழாய்க்குள் அனுப்பினேன்.
தெரிந்த முகம் என்றால் வலது பொத்தான்.
தெரியாத முகம் என்றால் இடது.
அசையாதீர்கள்.

வந்தவர்கள் இருபத்து நான்கு பேர்.
கட்டுரைக்குள் போனவர்கள் இருபத்திரண்டு.
ஒருவர் தூங்கிவிட்டார்,
அவர் குறட்டை எந்திரத்தோடு போட்டி போட்டது.
மற்றவர் பத்தொன்பது.
பெயர் சொல்ல விதி இடம் தராது.

மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர்.
நாற்பத்தோராவது படம்
ஜெர்மனியில் விலைக்கு வாங்கிய முகம்.
யாரோ எவனோ,
இந்த நாட்டின் பக்கமே வந்திராதவன்.
பத்தொன்பது வலது பொத்தானை அழுத்தினார்.
ஒலிவாங்கியில் ஒரு பெயர் கேட்டது.
பிறகு தலை ஆடத் தொடங்கியது.
அழுகையா சிரிப்பா,
அந்தத் தடதடப்பில் எனக்குப் பிடிபடவில்லை.
மூன்று மில்லிமீட்டர்.
எங்கள் வரம்பு இரண்டு.

பூட்ஸ் கயிறு கட்டும்போது சொன்னார்.
பெய்ப்சி ஏரியின் பனிப்பாதை உடைந்த அன்று
முன்னால் போன வண்டியில் தம்பி இருந்தானாம்.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று
பார்த்துச் சொன்னேன்.

முறைகள் பகுதியில் நான்காம் பத்தி:
இருவரின் தரவு நீக்கப்பட்டது.

அதன் பிறகு எண் ஏறியது.
தியான்ஜின், ஹைஃபா, ஹாலிஃபாக்ஸ்,
எங்கெங்கோ இருந்து.
மூன்றாம் எண் பேருந்தில் உட்கார்ந்தபடி
நானும் கைபேசியில் பார்ப்பேன்,
பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பது போல.
ஹெல்வே பேராசிரியர் ஆனார்.
நியமனக் குழுவில் யாரோ அந்த எண்ணை வாசித்தபோது
எல்லோரும் தலையாட்டினார்களாம்.

எனக்கு அங்கேதான் உறுத்தியது.
மேற்கோள் என்பதே
தூரத்திலிருந்து ஒரு தலையாட்டல்தானே.
அத்தனை பேர் தலையாட்டிய கட்டுரையிலிருந்து
தலை ஆடியதற்காக
ஒருவரை வெளியே அனுப்பியிருக்கிறோம்.

ஓய்வுபெறும் வாரம்
ஹெல்வே நிலவறைக்கு இறங்கி வந்தார்.
பத்தொன்பதை எடு, என்றார்.
அப்படியானால் அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.
பழைய தட்டு சுழன்று விழிக்க நேரமெடுத்தது.
திரையில் மூளையின் விளிம்பெல்லாம் வெளுத்து எரிந்தது,
காயாத மையில் கை பட்டது போல
ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டு.
இதில் படிக்க ஒன்றுமில்லை, என்றார்.
நாற்காலியை விட்டு எழவில்லை.
மேலே சிற்றுண்டிச் சாலையை மூடும் சத்தம் கேட்டது.

பிறகு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார்,
யாரும் தேடிப் போகாத ஓர் இதழில்.
நாங்கள் நீக்கியவர்கள் என்று தலைப்பு.
மூன்று ஆண்டில் ஒரே மேற்கோள்,
மொந்தேவிதேயோவிலிருந்து,
அதுவும் பக்க எண் தப்பாக.
அந்த ஒற்றைத் தாளை அச்சடித்து எனக்கு அனுப்பியிருந்தார்.
உறையில் மாரெட் என்று
எல்லா எழுத்தும் இருந்தது.

நேற்று மீன் தொழிற்சாலைக்காரி ஒருத்தி வந்தாள்.
வீங்கிய விரலில் சோப்பு தடவி
மோதிரத்தை உருவித் தட்டில் போட்டாள்.
அசையாதீர்கள், என்றேன்.
விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லை
இப்போதெல்லாம் கூடவே சொல்லிவிடுகிறேன்:
முடிந்தவரை.